மணிக்கொரு படம்

அத்தியாயம் 4

கோவர்தனின் அறையில் நாற்காலிகளைவிடப் பரிசுக் கேடயங்கள் அதிகம். உட்கார இடம் தேடி அலுத்த மோசஸ், ஸ்டூல் மேலிருந்த ஒரு கண்ணாடிக் கோபுரத்தைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் குந்தினான்.

"ஜாக்கிரதை! அது சிங்கப்பூர்ல வாங்கினது" என்று பதறினார் கோவர்தன்.

"கடைல இன்னா வெல சார்?"

கல்பனா மோசஸை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்கிற பார்வை அல்ல. கொஞ்சம் பொறு, நானும் வருகிறேன் என்கிற பார்வை. பதினோரு வருஷமாக அவளுக்கு வேன் ஓட்டி, சாட்சிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பழகிய மோசஸுக்கு அவளுடைய பார்வைகள் எல்லாமே அத்துப்படி. கல்பனா வேப்பம்பட்டுக்காரி. துப்பறிய வருவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் சர்வேயராக எரிந்த குடோன்களைக் கணக்கெடுத்தவள். எரிந்ததாகச் சொல்லப்பட்ட குடோன்களையும்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நந்தியாறு ஃபோர்ஜிங்ஸ் என்பது காற்றாலைகளுக்கு இரும்பு வளையம் அடிக்கிற ஆலை. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பருக்கு ஒரு சோதனை ரிப்போர்ட் உண்டு. ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் இருந்தால் அது வளையம், இல்லையென்றால் பழைய இரும்பு. திங்கட்கிழமை விடியற்காலையில் ஏசியின் தண்ணீர் சொட்டி, மெயின் கம்ப்யூட்டரின் டிஸ்க்குகள் மொத்தமும் செத்துப்போயின. அதனால் பாதகமில்லை, நகல் இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டு கோவர்தன் நகலைக் கொண்டுவந்து ஊற்றினார். அதில் கடைசி நாலரை மாசம் இல்லை. வெளியே யார்டில் நாலாயிரம் வளையங்கள் ரிப்போர்ட் இல்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

பழியைச் சுமக்க ஒரு ஆளும் தயாராக இருந்தான். அன்புசெல்வன், டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறவன், சோழவரத்துப் பிள்ளை. வராந்தாவில் செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். இன்று மாலை நாலு மணிக்கு அவன் பேரில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் போகிறது. டைப் அடித்த புகார் எம்.டி. வைஜயந்தியின் கைப்பையில் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு மூன்றாவது ஆள் பார்க்கட்டும் என்று அவர்தான் கல்பனாவைக் கூப்பிட்டிருந்தார்.

"திரும்ப ஒருதடவை சொல்லுங்க மிஸ்டர் கோவர்தன்" என்றார் வைஜயந்தி.

கோவர்தன் எழுந்து நின்றார். அவருடைய பதவியின் பெயர் 'தலைமை மீள்திறன் அதிகாரி', அதாவது கம்ப்யூட்டர் விழுந்தால் மீட்டு எழுப்புகிறவர். அந்தப் பெயரை விசிட்டிங் கார்டில் ஒரே வரியில் அடைக்க முடியாமல் அச்சகத்துக்காரர் கார்டை அகலமாக்கியிருந்தார்.

"மேடம், இது உலகத்தரமான ஏற்பாடு. மெயின் டேட்டாபேஸ் இங்க இருக்கு. அதோட ஸ்டாண்ட்பை, அதாவது நிழல் மாதிரி கூடவே வர்ற நகல், திருவள்ளூர்ல. இங்க ஒரு வரி எழுதினா அந்த வரி அங்க போய்ச் சேரும். நகல் அதைப் படிச்சுத் தன்கிட்டயும் எழுதிக்கும். அந்த நகல் இருக்கிற ஸ்டோரேஜ் பெட்டி மணிக்கு ஒருதடவை ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். அன்னிக்கு அந்த நேரத்துல எப்படி இருந்துதோ அப்படியே ஒரு படம்."

"ஆளை வுட்டுட்டு நெழலப் போட்டோ புடிக்கிறீங்க" என்றான் மோசஸ்.

"மெயின் வேலை செஞ்சிட்டிருக்கும்போது தொந்தரவு பண்ணக்கூடாது. அதுதான் ஸ்ட்ராட்டஜி. உங்களுக்குப் புரியாது."

"நல்ல ஏற்பாடுதான்" என்றாள் கல்பனா. கோவர்தன் தலையைச் சற்றே தாழ்த்தி அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டார். "ஆனா எந்தப் படத்தைத் திறந்தாலும் அக்டோபர் ஒண்ணாம் தேதி காலை பதினொண்ணே காலோட கதை நின்னுபோகுது. ஏன்?"

"அதுக்கு அப்புறம் உள்ளதை அன்புசெல்வன் அழிச்சுட்டான். மெயின்ல அழிச்சா நகல்லயும் அழியும். பாஸ்வேர்டு அவன் கையில இருக்கு."

"சரி. அவர் போன ஞாயித்துக்கிழமை அழிச்சார்னு வெச்சுக்குவோம். பொங்கலுக்கு எடுத்த படத்துல பொங்கல் வரைக்கும் இருக்கணுமே?"

"அதையும் அழிச்சிருக்கான்."

"எடுத்து முடிச்ச ஸ்னாப்ஷாட்டுக்குள்ள போய் அழிக்க முடியுமா?"

"முடியவே முடியாது!" கோவர்தன் மேஜையைத் தட்டினார். "உலகத்துல எவனாலயும் முடியாது. அதுதானே இந்த ஏற்பாட்டோட பெருமை!"



"யாராலயும் முடியாதத முடிச்ச ஆளை இன்னாத்துக்கு சார் போலீசுக்கு அனுப்புறீங்க?" என்றான் மோசஸ். "உங்க சீட்டுல குந்த வெச்சி ஒரு கேடயம் குடுங்க."

வைஜயந்தியின் உதட்டோரம் லேசாக அசைந்து நின்றது. நாலாயிரம் வளையங்களுக்குச் சொந்தக்காரி அதற்கு மேல் சிரிக்க முடியாது.

கல்பனா குனிந்து, மோசஸ் தரையில் வைத்த கண்ணாடிக் கோபுரத்தைப் படித்தாள். சேமிப்புச் சிகரம். "இது எதுக்குக் கொடுத்தாங்க?"

கோவர்தனின் முகம் மலர்ந்தது. புகாரை மறந்தார், நாலாயிரம் வளையங்களை மறந்தார். "அதுவா! அக்டோபர்ல இருந்து மூவாயிரத்து இருநூத்துச் சொச்சம் ஸ்னாப்ஷாட் வெச்சிருக்கோம். அத்தனைக்கும் எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு தெரியுமா? ஏறக்குறையப் பூஜ்யம்! மத்தவங்க பெட்டி பெட்டியா வாங்கிக் குவிக்கிறாங்க. நம்ம சேமிப்பு தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டு சதவீதம். நடுவர்கள் எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"எப்படி இவ்வளவு குறைவா?"

"ஸ்னாப்ஷாட்டோட சூட்சுமமே அதுதான் மேடம். முழுசா நகல் எடுக்காது. போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவுல எது மாறிச்சோ அதுக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும்."

கல்பனா தன் நோட்டில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டாள். நோட்டை மூடினாள்.

"இதுலேர்ந்து ஒரு படத்தை எடுத்து, திறந்து, சரியா இருக்கான்னு இதுக்கு முன்னாடி எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

"எதுக்கு?" கோவர்தன் நிஜமாகவே புரியாமல் கேட்டார். அந்த விநாடி சரியாகப் பதினொன்று. அவர் கைப்பேசி சிணுங்கியது. திரையைத் திருப்பிக் காட்டினார். ஸ்னாப்ஷாட் வெற்றி. "பாருங்க. மணிக்கொருதடவை அதுவே வெற்றின்னு சொல்லுது. அப்புறம் நான் என்ன பார்க்கிறது?"

"திருவள்ளூர் போகணும்" என்று எழுந்தாள் கல்பனா. "எல்லாரும். அன்புசெல்வனும்."

"நாலு மணிக்குள்ள முடியுமா?" என்றார் வைஜயந்தி.

"அதுக்கும் முன்னாடியே முடிஞ்சிடும் மேடம். எப்படி முடியும்கிறதுதான் தெரியல."

---

வைஜயந்தியும் கோவர்தனும் காரில் முன்னால் போய்விட்டார்கள். மோசஸின் ஆம்னி வேன் கவரைப்பேட்டையைத் தாண்டுவதற்குள் இரண்டு டிப்பர் லாரிகளுக்கும் ஒரு எருமைக்கும் வழி விட்டது. பின் சீட்டில் அன்புசெல்வன் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நாஷ்டா துன்னியா?" என்றான் மோசஸ்.

"இல்ல சார்."

"சார்லாம் வாணாம். மூணு நாளா உன்ன எல்லாரும் திருடன்னு சொல்லிக்கினு கீறாங்க, என்ன வேற சார்னு கூப்ட்டு எதுக்குப் பேஜாரு பண்ற? அண்ணான்னு சொல்லு."

"வேலை போனா போவுதுண்ணா" என்றான் அன்புசெல்வன். அவனுடைய குரல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. "வேற ஆலை இருக்கு. ஆனா டேட்டா அழிச்சான்னு ஒரு கேஸு விழுந்துச்சுன்னா, அப்புறம் எவன் என்னை நம்பி ஒரு பாஸ்வேர்டு தருவான்? எனக்கு இந்த வேலைய வுட்டா வேற தெரியாதுண்ணா. எங்க ஊட்ல நடவுக்குக்கூட என்னைக் கூப்ட மாட்டாங்க. நட்டா கோணலாப் பூடும்."

கல்பனா திரும்பி அவனைப் பார்த்தாள். "திருவள்ளூர் நகலை நீங்க பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"பார்த்ததே இல்ல மேடம். இங்கேருந்து அதுக்குள்ள நுழைய வழி கிடையாது. கோவர்தன் சார் அடைச்சுட்டாரு. அந்த ரூம்ல இருக்கிற ஒரே கீபோர்டுலதான் அதை எதுவும் செய்ய முடியும். அந்த ரூம் சாவி அவரையும் பெருக்குற அம்மாவையும் வுட்டா வேற யார்கிட்டயும் இல்ல. ஸ்டோரேஜ் பெட்டி மட்டும் அவரோட லேப்டாப் சொன்னா கேக்கும்."

"சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு. இங்கேருந்து போற வரிங்க அங்க வந்து இறங்குறதுக்குன்னு தனியா ஒரு டிஸ்க்கு இருக்கு. இறங்கினதை நகல் படிச்சு எழுதிட்டா அங்க இடம் காலியாயிடணும். ஆனா அது ரொம்பிக்கினே போச்சு. மூணு மெயில் போட்டேன். டிசம்பர்ல ஒரு டிஸ்க்கு, பொங்கலுக்கு ஒரு டிஸ்க்கு வாங்கிப் போட்டாரு. நம்ம கம்பெனி வளர்ச்சின்னு எம்.டி.கிட்ட சொன்னாராம்."

"அந்த டிஸ்க்கெல்லாம் இப்ப எங்க?"

"அங்கதான் இருக்கு. இன்னிக்கு மூணு மணிக்கு எல்லாத்தையும் துடைக்கச் சொல்லி லேப்டாப்ல டைமர் வெச்சிருக்காரு. பழைய குப்பையோட புது வாழ்க்கை ஆரம்பிக்கக் கூடாதாம்."

மோசஸுக்கு இதில் பாதி விளங்கவில்லை. கல்பனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது விளங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஆனால் பெரியபாளையத்தில் கோயில் கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தின்றது, தாமரைப்பாக்கத்தில் தோண்டிப் போட்ட ரோடு இன்னொன்றைத் தின்றது. திருவள்ளூர் போய்ச் சேரும்போது மணி இரண்டரை.

---

பேரிடர் மீட்பு மையம் என்ற பித்தளைப் பலகை, தெப்பக்குளத்துக்குப் பின் தெருவில், ஒரு ஜாக்கெட் தைக்கிற கடையின் மாடியில் மாட்டியிருந்தது. பேரிடர் வந்தால் ஏறி ஓட வேண்டிய படிக்கட்டில் ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது. உள்ளே ஆள் உயரக் கறுப்புப் பெட்டி ஒன்று, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு கீபோர்டு. கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள் குப்பம்மாள், அறையைப் பெருக்கித் துடைக்கிறவள். வைஜயந்தி ஜன்னலோரம் நின்றிருந்தார். கோவர்தன் சுவரைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். சுவரில் அவருடைய படம்தான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மாலை போட்ட இதே கறுப்புப் பெட்டிக்கு முன்னால், ஒற்றை விரலால் கீபோர்டை அழுத்தியபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மோசஸ் படத்தைப் பார்த்தான். கல்பனா படத்தைப் பார்க்கவில்லை. மேஜை மேல் குனிந்திருந்தாள்.

"மோசஸ், இங்க வாங்க. எதையும் தொடாதீங்க. என்ன தெரியுது?"

அறை முழுக்கப் பளபளவென்று இருந்தது. தரை, பெட்டி, திரை எல்லாம் துடைத்து மின்னின. கீபோர்டு மட்டும் தூசி படிந்து கிடந்தது. அதன் என்டர் பொத்தான் மேல் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். சந்தனம் காய்ந்து, வெயிலில் வெடித்த ஏரி மண் மாதிரி மெல்லிய கீறல் விட்டிருந்தது. ஆனால் முழுசாக இருந்தது. ஒரு விரல் பட்டிருந்தாலும் உதிர்ந்திருக்கும்.

"இத்த மட்டும் ஏம்மா தொடைக்கல?" என்று குப்பம்மாளைக் கேட்டான் மோசஸ்.

"நான் இன்னாத்துக்கு நைனா தொடைக்கப் போறேன்? சாமி பொட்டு வெச்சிருக்கு, அது மேல கை படக் கூடாதுன்னு இந்த சார்தான் சொல்லிக்கினு போனாரு. நான் பொட்டியத் தொடப்பேன், மேஜையத் தொடப்பேன், அத்த மட்டும் தொட்றதே இல்ல."

"என்னிக்கு வெச்ச பொட்டு?" என்றாள் கல்பனா.

"ஆயுத பூசைக்கி யம்மா. ஐயரு வந்தாரு, பூசணிக்கா ஒடச்சாங்க, போட்டோக்காரன் வந்தான். இந்த சார் நாலுவாட்டி அமுக்கற மாதிரி நடிச்சாரு. அஞ்சாவுதுவாட்டி நெசமாலுமே அமுக்கிட்டு, அது மேல பொட்டு வெச்சாரு."

"ஆயுத பூஜை போன வருஷம் எந்தத் தேதி மோசஸ்?"

மோசஸுக்கு அந்தத் தேதி மறக்காது. அன்றைக்குத்தான் ஆம்னிக்கு நாலு எலுமிச்சம்பழம் நசுக்கினான். "அக்டோபர் ஒண்ணு மேடம்" என்றான். சொன்ன பிறகுதான் அவன் வாய் திறந்தபடியே நின்றது.

கல்பனா கோவர்தன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு எதை அழுத்தினீங்க?"

"அது ஒரு பாரம்பரியம்" என்றார் கோவர்தன். நெஞ்சு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. "பூஜை வெச்சா கருவிகளுக்கு ஓய்வு தரணும். ஆலையில எல்லா மெஷினையும் நிறுத்தினோம். மெயின் டேட்டாபேஸை நிறுத்த முடியாது, லாரி லோடு ஆயிட்டிருந்தது. அதனால அதுக்குப் பிரதிநிதியா இந்த ஸ்டாண்ட்பைக்கு ஓய்வு கொடுத்தேன். தொழில்நுட்பமும் மரபும் சேர்ற இடம். பத்திரிகையில வந்தது."

"மறுநாள் எழுப்பினீங்களா?"

கோவர்தன் அந்தப் பொட்டைப் பார்த்தார்.

கல்பனா பேனா முனையால் மவுஸை ஒரு நூல் நகர்த்தினாள். திரை விழித்தது. பூட்டு இல்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. உலகத்தரமான பாதுகாப்பு நாலரை மாசமாகத் திறந்த வீடாகக் கிடந்திருக்கிறது. கறுப்புத் திரையில் கடைசி வரி ஒன்றுதான். நகல் நிறுத்தப்பட்டது, அக்டோபர் 1, காலை 11.15.

"நகல் தூங்கிப்போச்சு மேடம்" என்று வைஜயந்தியிடம் சொன்னாள் கல்பனா. "எழுப்ப ஆள் இல்ல. எழுப்பியிருந்தா இந்தப் பொட்டு உடைஞ்சிருக்கும். ஸ்டோரேஜ் பெட்டிக்கு அது தெரியாது. மணி அடிச்சா படம் எடுக்கணும், எடுத்துது. தூங்கறவனை மூவாயிரத்து இருநூறு தடவை படம் எடுத்திருக்கு. ஒவ்வொரு படமும் அச்சு அசல் ஒண்ணுதான். அதனாலதான் இடமே பிடிக்கல. ஓடுற ஆலையோட நகல் மணிக்கு மணி மாறணும், இடம் பிடிக்கணும். பூஜ்யம்னு இவர் சொன்னப்பவே ஏதோ செத்துக் கிடக்குன்னு தோணிச்சு. கேடயம் கொடுத்தவங்களுக்கு அது தோணல."

"எழுந்து நின்னு கை தட்னாங்களாமே" என்றான் மோசஸ். "எழவு ஊட்ல கூட உக்காந்துதான் அழுவாங்க."

அன்புசெல்வன் திரைக்குப் பக்கத்தில் வந்தான். "அப்போ நான் அழிக்கல" என்றான், தனக்கே சாட்சி சொல்கிறவன் மாதிரி.

"யாருமே அழிக்கல. நகலுக்குள்ள வராததை எவன் அழிக்கிறது?"

கோவர்தன் இருமினார். தோற்றவர்களுக்கு வரும் இருமல் அல்ல, கூட்டத்தில் புது ஸ்லைடு காட்டுகிறவர்களுக்கு வரும் இருமல். "ஒரு நிமிஷம். அப்படியே இருந்தாலும் நாலரை மாச டேட்டா போனது போனதுதான். மெயின் செத்துப்போச்சு, நகல்ல இல்ல. டேட்டாபேஸ் ஒழுங்கா இருக்கான்னு கவனிக்க வேண்டியது அன்புசெல்வனோட பொறுப்பு. புகார்ல 'அழித்தார்'ங்கிறதை 'அலட்சியமாக இருந்தார்'னு மாத்தினாப் போதும். நாலு மணிக்கே கொடுத்துடலாம்."

வைஜயந்தியின் கை கைப்பைக்குள் போனது. நாலாயிரம் வளையங்களும் யார்டில் அப்படியேதான் கிடந்தன. குற்றம் கோவர்தன் மேல் இருந்தாலும் அன்புசெல்வன் மேல் இருந்தாலும் அவை பழைய இரும்புதான். அன்புசெல்வனுடைய முகத்தில் வந்த வெளிச்சம் வந்த வழியே போனது.

"மோசஸ், மணி என்ன?" என்றாள் கல்பனா.

"ரெண்டு அம்பத்து மூணு மேடம்."

"மிஸ்டர் கோவர்தன், லேப்டாப்பைத் திறங்க. அந்த மூணு மணி டைமரை நிறுத்துங்க."

"எதுக்கு? அந்த டிஸ்க்குல வெறும் வந்து குவிஞ்ச குப்பைதான்…"

"வந்து குவிஞ்சது!" அன்புசெல்வன் கத்தினான். அவன் கத்துவதை அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டதில்லை. "மேடம், நகல் படிக்கறதைத்தான் நிறுத்தியிருக்கு, வாங்கறதை நிறுத்தல! அதனாலதான் அந்த டிஸ்க்கு ரொம்பிக்கினே இருந்துச்சு! திங்கக்கிழமை வரைக்கும் போன ஒவ்வொரு வரியும் பிரிக்காம அங்கேயே கெடக்கு!"

"பூட்டின ஊட்டு வாசல்ல பேப்பர் குவிஞ்ச மாதிரியா?" என்றான் மோசஸ்.

"அதேதாண்ணா!"

கோவர்தனின் விரல்கள் முதல் முறையாக அவசரப்பட்டன. லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தார். கைப்பேசிக்கு ஒரு எண் அனுப்பியது, அதையும் கொடுத்தார். இரண்டு ஐம்பத்தைந்து. மூன்றாவது அடுக்கில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த மூன்றடுக்குப் பாதுகாப்புக்கு அவர் தனியாக ஒரு கேடயம் வாங்கியிருந்தார்.

உங்கள் முன்மாதிரி மனிதர் யார்?

கோவர்தன் ஒரு மகானின் பெயரை அடித்தார். தவறு. ஒரு விஞ்ஞானியின் பெயரை அடித்தார். தவறு. "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெச்சது… இன்னும் ஒரு தடவைதான்… அப்புறம் ஒரு மணி நேரம் பூட்டிக்கும்…"

இரண்டு ஐம்பத்தேழு. ஜன்னலுக்கு வெளியே தையல் மெஷின் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அன்புசெல்வன் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தான். தன் பேரில் வரப்போகிற கேஸ் அந்தச் சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல.

மோசஸ் சுவரில் இருந்த பட்டு வேட்டிப் படத்தைப் பார்த்தான். கோவர்தனைப் பார்த்தான்.

"உங்க பேரையே போடுங்க சார்."

"என்ன விளையாட்டு இது?"

"போடுங்க" என்றார் வைஜயந்தி.

கோவர்தன் தன் பெயரை அடித்தார். திறந்துகொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு நேரமில்லை. டைமர் நிறுத்தப்பட்டபோது இரண்டு ஐம்பத்தெட்டு.

"இப்ப நீங்க எழுப்புங்க" என்று கீபோர்டைக் காட்டினாள் கல்பனா. கோவர்தன் மேஜைக்கு நகர்ந்தார், பழக்கதோஷத்தில் முகம் கேமரா தேடியது. "நீங்க இல்ல. அவர்."

அன்புசெல்வன் நின்றபடியே ஒரே ஒரு வரி அடித்தான். விரல் என்டருக்கு மேல் வந்து அந்தரத்தில் நின்றது. குங்குமம் வைத்த பொத்தானை அமுக்க அவன் கை கூசியது.

"பூசை முடிஞ்சி பொங்கலே பூடுச்சி கண்ணு" என்றாள் குப்பம்மாள். "அமுக்கு. நான் தொடச்சிக்கிறேன்."

அமுக்கினான். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

திரை சும்மா இருந்தது. மூச்சு விடும் நேரம் சும்மாவே இருந்தது. பிறகு ஒரு தேதி ஓடியது. அக்டோபர் 1, 11.16. அடுத்து 11.20. பிறகு அக்டோபர் 2. பெட்டியின் விளக்குகள், தூங்கி எழுந்தவன் கண் சிமிட்டுவதுபோலப் படபடத்தன. தீபாவளி வந்தது, போனது. நவம்பர் மழைக்கு ஆலை மூன்று நாள் நின்றது, அந்த மூன்று நாளும் ஒரே தாவலில் போயின. வைஜயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வளைய நம்பர் ஒன்றைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார், நவம்பர் பத்தொன்பதாம் தேதி அடித்த வளையம் அது. அன்புசெல்வன் தேடினான். ரிப்போர்ட் வந்தது. வைஜயந்தி கைப்பையிலிருந்து புகாரை எடுத்து, நாலாக மடித்து, குப்பம்மாளிடம் நீட்டினார்.

"அந்தச் சந்தனத்தை இதுல அள்ளிப் போடும்மா."

குப்பம்மாள் அள்ளினாள். அன்புசெல்வன் அதைப் பார்த்தான். கண்ணைத் துடைத்தானா, தூசி பட்டதா என்று மோசஸ் ஆராயவில்லை. ஒரு ஆளுக்கு அந்த அளவு மரியாதையாவது தர வேண்டும்.

"பாருங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கோவர்தன் தேறியிருந்தார். அந்த மாதிரி ஆட்கள் எதிலிருந்தும் தேறிவிடுவார்கள், மீள்திறன் அதிகாரி அல்லவா. "ஒரு வரி கூடத் தொலையல! இந்த ஏற்பாட்டோட வலிமை இதுதான். நான் அப்பவே சொன்னேன்."

"இந்த ரூம் சாவி" என்று கையை நீட்டினார் வைஜயந்தி.

"மேடம்?"

"சாவி. லேப்டாப். ரெண்டும் அன்புசெல்வன்கிட்ட. நாளைக்கு முதல் வேலையா ஒரு ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பார்த்து எனக்குச் சொல்லணும் அன்புசெல்வன். ஒவ்வொரு வாரமும் சொல்லணும். 'வெற்றி'ன்னு மெயில் அனுப்பாதீங்க, என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க."

சாவிக்கொத்து கை மாறியது. கோவர்தன் லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன்னால் அதன் மூடியை ஒரு தடவை துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து மணி நாலு. போலீஸ் ஸ்டேஷனில் அன்புசெல்வன் நின்றிருக்க வேண்டிய நேரம். அவன் டிசம்பர் மூன்றாம் வாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோவர்தனின் கைப்பேசி சிணுங்கியது. பழக்கத்தில் எடுத்துப் பார்த்தார், பழக்கத்தில் புன்னகைத்தார். புன்னகை பாதியில் நின்றது.

"இன்னா சார், தோல்வியா?" என்றான் மோசஸ்.

"வெற்றிதான்…" கோவர்தனின் குரல் உடைந்திருந்தது. நாலாயிரம் வளையங்களுக்கும் ஒரு மனிதனின் மானத்துக்கும் உடையாத குரல். "ஆனா இந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் இவ்வளவு இடம் பிடிச்சிருக்கே! என்னோட தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டு… மேடம், இதை யாராவது நிறுத்துங்களேன்!"